300 ரூபாய்க்கு ஒரு பரிசுப் பெட்டி: பணம் எங்கே ஒழுகுகிறது?

தீபாவளி நெருங்கும்போதும் ஜூனில் பள்ளி திறக்கும்போதும் அலுவலக நண்பர்கள், குடியிருப்போர் சங்கங்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் காசு போட்டுக் காப்பகப் பிள்ளைகளுக்குப் பரிசுப் பெட்டி கட்டுகிறார்கள். மனசு நல்ல மனசுதான், கணக்குதான் உதைக்கிறது. ஒரே வாரத்தில் மூன்று குழுக்கள் வந்து ஆளுக்கொரு வண்ணப் பென்சில் டப்பா கொடுத்துவிட்டுப் போகும். பேஸ்ட் தீர்ந்து நாலு நாள் ஆனதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்காமல் வாங்குவதுதான் முதல் தவறு, செலவு மிகுந்த தவறும் அதுதான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, வகுப்புக்கேற்ப கிரேயான், வண்ணப் பென்சில், ஜியோமெட்ரி பெட்டி ஆகியவை அரசுத் திட்டத்திலேயே வருகின்றன. நீங்களும் அதையே வாங்கினால் பீரோவில்தான் அடுக்கி வைப்பார்கள். இனிப்பும் அப்படித்தான். பண்டிகை வாரத்தில் காப்பகத்தில் லட்டுக்குப் பஞ்சமே இராது. யாரும் கொண்டுவராதவை வேறு: உள்ளாடை, பேஸ்ட், பிரஷ், துண்டு, தேங்காய் எண்ணெய், சீப்பு, பேன் சீப்பு, நகவெட்டி, பூட்டு சாவி. கடைக்குக் கிளம்புமுன் காப்பகப் பொறுப்பாளரிடம் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வயதில் எத்தனை ஆண், எத்தனை பெண்? போன மாதம் என்ன வந்தது? எது தீர்ந்திருக்கிறது? பொட்டு, வளையல் போன்றவற்றை வாங்குவதாக இருந்தால் பிள்ளைகள் வைப்பார்களா, போடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காப்பகம் சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி பதிவு பெற்றதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள்.

300 ரூபாய் என்பது 300 ரூபாய் அல்ல

40 பிள்ளைகள், தலைக்கு 300, ஆக 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பை, டேப், ஆட்டோ வாடகைக்கு 1,200 எடுத்துவிடுங்கள். மீதி 10,800. அதை 40-ஆல் வகுக்கக் கூடாது, 42-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் எண்ணிக்கை கேட்ட நாளுக்கும் கொடுக்கப்போகும் நாளுக்கும் இடையில் புதிதாக ஒன்றிரண்டு பிள்ளைகள் வந்து சேர்வது வாடிக்கை. அவர்கள் மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. ஆக, ஒரு பெட்டிக்குள் போகும் பொருளுக்குக் கையில் இருப்பது 257 ரூபாய்.

இதில் முதலில் ஓட்டை போடுவது பெட்டியேதான். பளபளப்பு அட்டைப் பெட்டி, ஜிகினாத் தாள், ரிப்பன் என்று போனால் ஐம்பது ரூபாய் போய்விடும்; பிள்ளை அதைப் பிரித்ததும் குப்பை. ஐப்பசி மழையில் அட்டை நமுத்தும் போகும். அதே காசுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ துணிப்பையோ வாங்கினால் அதுவும் ஒரு பரிசாகிவிடும். விடுதிப் பிள்ளைக்குச் சோப்பு, சீப்பு வைக்கத் தனக்கென்று ஒரு டப்பா இருப்பது பெரிய விஷயம்.

அடுத்த ஓட்டை, சில்லறை விலையில் வாங்குவது. சென்னை என்றால் பாரிமுனைப் பக்கம் பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு. மற்ற ஊர்களில் பள்ளிகளுக்குச் சப்ளை செய்யும் மொத்தக் கடை ஒன்றாவது இருக்கும். அங்கே டஜன், குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. உங்களுக்கு 42 போதும் என்றால் குரோஸ் விலையில் மயங்காமல் நாலு டஜன் விலையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயானுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சோப்பு, பேஸ்ட், தலை எண்ணெய்க்கு 5 சதவீதம்தான். பில்லில் பழைய வரி ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

பத்துப் பென்சில் டப்பாவில் பெரும்பாலும் ஒரு ரப்பரும் ஒரு ஷார்ப்னரும் இலவசமாக இருக்கும். டப்பாவைப் பிரித்து ஆளுக்கு ஐந்து பென்சில் கொடுத்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ரப்பர் கிடைக்காது. அதைக் கணக்கில் எடுத்து, குறைகிற 21 ரப்பர், 21 ஷார்ப்னரை மட்டும் தனியாக வாங்குங்கள். 42 வாங்க வேண்டியதில்லை.

அளவில் சறுக்குவது

30 செ.மீ. ஸ்கேலின் முழு நீளம் 30 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். ஒரு அடி நீளப் பெட்டியில் நீளவாக்கில் படுக்காது. குறுக்கே வளைத்துத் திணித்தால் முறியும். 15 செ.மீ. ஸ்கேல் வாங்குங்கள். எதையும் மொத்தமாக வாங்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பீஸ் வாங்கி, ஒரு மாதிரிப் பெட்டி அடுக்கி மூடிப் பாருங்கள்.

உள்ளாடையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நம் கடைகளில் 55, 60, 65 என்று போட்டிருப்பது பனியனில் மார்புச் சுற்றளவைச் சார்ந்த செ.மீ. எண். திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சத் துணியில் 116, 128 என்று இருந்தால் அது பிள்ளையின் உயரம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மூட்டையோடு வீணாகும். வயதை மட்டும் நம்பாமல், பொறுப்பாளரிடம் அளவுப் பட்டியல் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். செகண்ட்ஸ் துணி (சிறு குறையால் ஒதுக்கப்பட்டது) என்றால் தையலையும் இலாஸ்டிக்கையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நோட்டிலும் வயது உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு நாலு கோடு, இரட்டைக் கோடு. பெரிய பிள்ளைக்கு ஒற்றைக் கோடு. கவராயம் (காம்பஸ்) உள்ள பெட்டியைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், முனை கூர்மை.

12 வயதுக்கு மேற்பட்ட பையன்களைத்தான் எல்லாப் பெட்டியும் மறந்துவிடுகிறது. ஐந்து வயதுத் தம்பிக்கு வாங்கிய அதே பொம்மைக் காரை அவனுக்கும் நீட்டினால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அவனுக்கு டென்னிஸ் பந்து, நல்ல பேனா, பர்ஸ் கொடுக்கலாம். அறைக்கு ஒன்றாகக் கால்பந்து வாங்கினால் காற்றடிக்கும் பம்பும் ஊசியும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பந்து மூலைக்குப் போய்விடும்.

பொம்மை, தின்பண்டம்

14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நடைபாதைக் கடையில் முத்திரை இல்லாத பொம்மை பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பலூன், கோலி, சின்னச் சக்கரம் எதுவும் கூடாது. பொத்தான் போன்ற பேட்டரி உள்ள விளக்குப் பொம்மை எந்தச் சின்னப் பிள்ளைக்கும் ஆகாது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

சோப்பும் பிஸ்கட்டும் ஒரே பெட்டியில் இரண்டு நாள் இருந்தால் பிஸ்கட்டில் சோப்பு வாசனை ஏறிவிடும். ஜிப் கவரில் போட்டாலும் முழுதாக நிற்காது. சாக்லேட் ஆட்டோவிலேயே உருகும், எறும்பு வேறு. தின்பண்டம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அன்றைக்குக் கையில் தனியாகக் கொடுங்கள். எண்ணெய் பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கவரில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஒரு பாட்டில் கசிந்தால் நோட்டு, துணி எல்லாம் போச்சு.

அடுக்கும் நாள்

ஆளாளுக்கு ஒரு பெட்டியை எடுத்து முழுதாக நிரப்புவது வேண்டாம். ஒருவருக்கு ஒரு பொருள், பெட்டி வரிசையாக நகரட்டும். மேசையில் ஒவ்வொரு பொருளையும் சரியாக 42 எண்ணி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் ஒரு பிரஷ் மிஞ்சினால் எங்கோ ஒரு பெட்டியில் பிரஷ் இல்லை என்று அர்த்தம். அதைத் தேட எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம்; ஒரே வயதுப் பெட்டிகளைச் சமையலறைத் தராசில் வைத்தால் எடை குறைந்த பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே வயதுக்கு ஒரே பொருள். நிறம் மாறலாம், தரம் மாறக் கூடாது. ஒருவனுக்கு மட்டும் பெரிய டப்பா போனால் அன்று ராத்திரி அந்த அறையில் சண்டை நிச்சயம். பெட்டி மேல் பெயர் எழுதாமல் வயது, ஆண் அல்லது பெண், உள்ளாடை அளவு மட்டும் எழுதுங்கள்.

பிறகு படம். பிள்ளைகளின் முகம் தெரிய எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற வழக்கத்தை விடுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் படம், பெயர், பள்ளி போன்ற அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காசு போட்டவர்களுக்குக் கணக்குக் காட்ட, அடுக்கிய பெட்டிகளின் படமும் பில்லும் போதும்.

பெட்டிகளைப் பொருள் பட்டியலோடு பொறுப்பாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மிஞ்சிய இரண்டு பெட்டிகளைத் திருப்பி எடுத்து வராதீர்கள். அடுத்து வந்து சேரும் பிள்ளைக்காக அவை அங்கேயே இருக்கட்டும்.