பழைய கேம் ஆட மலிவு போர்டு: வாங்கும்முன் செய்கிற தவறுகள்

சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய கேசட் கேம்களை மறுபடி ஆடிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தவர்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை, ஓட்ராய்டு என்று உள்ளங்கையளவு கணினிகளான நாலைந்து போர்டுகளின் விவரப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை ஜிபி ரேம், விலை என்ன என்று பார்ப்பார்கள். குறைந்த விலையில் பெரிய எண்கள் எதில் இருக்கிறதோ அதை வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தப் போர்டு இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது போர்டைப் பற்றிய கேள்வியே இல்லை. எந்தக் கன்சோலின் கேம்களை ஆடப் போகிறீர்கள்? தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கேசட்டோடு விற்ற டிவி கேம் பெட்டிகளில் பல, நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அதன் ப்ராசசர் ஓடியது ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸில். வேலைக்கு இருந்த ரேம் 2 கேபி. மரியோவும் கான்ட்ராவும் போதும் என்றால் 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையே சமாளித்துவிடும். அதற்காக 8 ஜிபி ரேம் போர்டு வாங்குவது, தெருமுனையில் தயிர் வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

சூப்பர் நின்டெண்டோ, செகா மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் வரை ஆட ராஸ்பெரி பை குடும்பத்தில் 2021இல் வந்த சின்ன போர்டான பை ஜீரோ 2 டபிள்யூ போதும். நாலு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். 512 எம்பி குறைவாகத் தெரிகிறதா? பிளேஸ்டேஷனுக்கே முதன்மை ரேம் 2 எம்பிதான். எட்டு கோர் போர்டு என்றாலும் பெரிய லாபம் இல்லை. பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்களான எமுலேட்டர்களில் கனமான வேலை ஒன்றிரண்டு கோர்களிலேயே நடக்கும். மற்ற கோர்கள் வேடிக்கை பார்க்கும்.

அப்புறம், பழைய கன்சோல் என்றால் எளிது என்று நினைப்பதும் சரியல்ல. செகா சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் ஜப்பானில் வந்தது ஒரே ஆண்டில், 1994இல். பிளேஸ்டேஷன் ஒரு பை 3இல் அழகாக ஓடும், சாட்டர்ன் திணறும். சாட்டர்னில் இரண்டு ப்ராசசர்களும் அவற்றோடு வேறு சில்லுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அவற்றின் நேரம் ஒன்றுக்கொன்று பிசகாமல் எமுலேட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும், சிரமமே அங்கேதான். அதற்குப் பிறகு 1998இல் வந்த டிரீம்காஸ்ட்டின் பல கேம்களோ பை 4இல் நன்றாகவே ஓடுகின்றன. நின்டெண்டோ 64 இன்னொரு வகைத் தலைவலி: ஒரு கேம் ஓடும், அடுத்தது படம் உடைந்து வரும். உங்களுக்குப் பிடித்த ஐந்து கேம்களின் பெயரை எழுதிக்கொண்டு, அவை அந்தப் போர்டில் ஓடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிராயரில் கிடக்கும் என் போர்டுக்கு வருகிறேன். அது ஆல்வின்னர் எச்3 சில்லு வைத்த ஒரு மலிவு போர்டு. வன்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிக்கல் மென்பொருளில். அந்தச் சில்லோடு தரப்பட்ட லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 3.4, அதாவது 2012ஆம் ஆண்டுச் சரக்கு. இத்தகைய போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் ஆர்ம்பியன் குழு போன்ற ஆர்வலர்கள் பின்னாளில் அதைப் புதிய கர்னலுக்குக் கொண்டுவர உழைத்தார்கள். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக அமையும்வரை, சில்லில் இருக்கும் வேகம் திரைக்கு வந்து சேராது.

பையின் எஸ்டி கார்டை எடுத்து ஆரஞ்சு பையில் போட்டால் ஓடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடாது. ஒரே பூட் பென்டிரைவ் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் பூட் ஆவதுபோல் இந்த போர்டுகளுக்குப் பொதுவான ஏற்பாடு இல்லை; ஒவ்வொன்றுக்கும் தனி பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்), தனி இமேஜ் (கார்டில் எழுதும் மென்பொருள் தொகுப்பு) வேண்டும். அதனால் போர்டை விலை கேட்பதற்குமுன் பழைய கேம் ஆடவென்றே தயாரித்த இயங்குதளங்களான பட்டோசேரா, ரீகால்பாக்ஸ், லக்கா இவற்றின் பதிவிறக்கப் பக்கங்களுக்குப் போய் அந்த போர்டின் பெயர், எழுத்துக்கு எழுத்து அதே மாடல், இருக்கிறதா என்று பாருங்கள். பை குடும்பத்துக்குள்ளேயே இது பொருந்தும். பலரும் பரிந்துரைக்கிற, இதே வேலைக்கான ரெட்ரோபையின் 4.8 இமேஜ் 2022இல் வந்தது, பை 5 வந்தது 2023இல். அந்த இமேஜைப் பை 5இல் போட்டுவிட்டுத் திரை கருப்பாக இருக்கிறதே என்று போர்டைத் திட்டிப் பயனில்லை.

மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மெதுவான போர்டு என்று தூக்கிப் போடப்படுபவற்றில் பல உண்மையில் பசியால் வாடுகிறவை. என் பை 3இல் ஒரு கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் சுற்று சரியாகப் போனது. மூன்றாவது வளைவில் கார் விட்டுவிட்டு நகர்ந்தது, பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டது. திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் மின்னல் வந்து வந்து போனது. அது கேமின் அலங்காரம் என்று நினைத்து இரண்டு நாள் ஆடியிருக்கிறேன்! அதற்கு அர்த்தம், போர்டுக்குள் வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்பது. பழைய மொபைல் சார்ஜரும் நூல்மாதிரி மெலிந்த ஒரு கேபிளும்தான் காரணம். கேபிளை மட்டும் மாற்றியதில் பாதி சரியானது, 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் மின்னல் மறைந்தது.

ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறதே என்பார்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் 33 வாட், 65 வாட் எல்லாம் பெரும்பாலும் 9 வோல்ட், 11 வோல்ட் என்று போனோடு பேசி முடிவு செய்தபின் வருவது. 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தரும் என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். பை 4க்கு 3 ஆம்பியர். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர், இதை மொபைல் சார்ஜர்கள் தருவது அபூர்வம். 3 ஆம்பியர் கொடுத்தாலும் பை 5 ஓடும். ஆனால் யுஎஸ்பி பக்கம் போகும் மின்சாரத்தை 600 மில்லிஆம்பியருக்குச் சுருக்கிவிடும். இரண்டு கன்ட்ரோலரோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் செருகினால் சிக்கல்.

இப்போது பணக் கணக்கு. ஜீரோ 2 டபிள்யூ வெளியானபோது அறிவித்த விலை 15 டாலர். ஆனால் அதில் இருப்பது மினி எச்டிஎம்ஐ, வழக்கமான கேபிள் நுழையாது. கன்ட்ரோலர் செருக ஒரே ஒரு மைக்ரோ யுஎஸ்பி, அதற்கு ஓடிஜி கேபிளும் ஹப்பும் வேண்டும். ஹெட்போன் துளை இல்லை. பை 4இல் இன்னும் சின்ன மைக்ரோ எச்டிஎம்ஐ. அடாப்டர், கார்டு, கேஸ், கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து எழுதிப் பாருங்கள், போர்டைவிட மற்றவை அதிகமாகிவிடும். பை 5க்கு இந்தக் கணக்கைப் போட்டால், அலுவலகங்கள் கழித்துக் கட்டும் பழைய மினி பிசியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பட்டோசேரா அதிலும் ஓடும். கையில் போர்டு வைத்துக் கட்டும் சுகம் வேண்டாம், கேம் மட்டும் போதும் என்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கார்டு விஷயத்தில் கொள்ளளவைப் பார்த்து மயங்க வேண்டாம். 128 ஜிபி என்று எழுதிய போலி கார்டில் உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாமல் போகலாம். அதைத் தாண்டி நகலெடுத்த கேம்கள் எல்லாம் காணாமல் போகும். வாங்கியதும், உண்மைக் கொள்ளளவைக் காட்டும் எஃப்3 போன்ற மென்பொருளால் சோதித்துவிடுங்கள். ஆடி முடித்ததும் சுவிட்சை நேராக அணைப்பதும் கார்டைக் கெடுக்கும், மெனுவில் போய் ஷட்டவுன் கொடுத்துவிட்டு அணையுங்கள். வெயில் காலத்தில் மூடிய பிளாஸ்டிக் கேஸ் வேண்டாம். 80 டிகிரியைத் தொட்டால் பை தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வீட்டில் பழைய பெட்டி டிவி இருந்தால் விட்டுவிடாதீர்கள், இந்தக் கேம்களுக்கு அதில்தான் உயிர். பை 3, பை 4 இரண்டிலும் ஹெட்போன் துளை வழியாகவே வீடியோவும் வரும். கடையில் கேட்டால் கிடைக்கும் மூன்று வண்ண ஏவி கேபிள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை வேறு வேறு. பைக்கு, முனையிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், கடைசியில் வீடியோ என்று இருக்க வேண்டும். பை 5இல் அந்தத் துளையே கிடையாது, பெட்டி டிவிக்கு வீடியோ எடுக்க போர்டில் கம்பியைச் சால்டர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

புது எல்இடி டிவியில் ஆடுகிறவர்களிடமிருந்து வருகிற புகார் வேறு: பட்டனை அழுத்தினால் மரியோ தாமதமாகக் குதிக்கிறான். கன்ட்ரோலரை மாற்றுவார்கள், அடுத்து போர்டை மாற்றுவார்கள். டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக்கொண்டிருப்பதால் வரும் தாமதம் அது. ரிமோட்டை எடுத்து, செட்டிங்கில் கேம் மோடு என்று இருப்பதை ஆன் செய்துவிட்டு இன்னொரு முறை குதித்துப் பாருங்கள்.