ஓரியூர் போய் வந்த பிறகு

என் வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த வருடம் அது தொடங்கும்போதே வட்டிக்கடன் கழுத்தை நெரித்தது. கை ஜெபமாலையை உருட்டும். மனசு வட்டிக்கணக்கை உருட்டும்.

ஒருநாள் ஓரியூருக்குப் பஸ் ஏறினேன். 1693இல், வேதம் போதிக்க வந்த புனிதர் அருளானந்தரைத் தலைவெட்டிக் கொன்ற இடம், மணல் சிவந்தே கிடக்கும். கடன் அடைய வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். முழங்காலிட்டதும் வாயில் வந்தது வேறு: ‘அடுத்த அடியை மட்டும் காட்டும் ஆண்டவரே.’ ஏன் அப்படிக் கேட்டேனோ!

திரும்பியதும், அதுவரை மறைத்த கடனை நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் திட்டவில்லை. தன் கடல்பாசிக் குழுவில் சேர்த்துவிட்டார். பாசித் துண்டுகளைக் கயிற்றில் முடிந்து மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுக்கலாம்.

முதல் தடவையே சோழகக் காற்று ஒரு மிதவையை உடைத்துப்போட்டது. கரையில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். அப்புறம் மிச்சத்தை அறுத்தோம். இப்போது வட்டி பாக்கி இல்லை, அசலில் பாதி நிற்கிறது. நாளை மறுநாள் அடுத்த அறுப்பு.