விடுபட்ட பெயர்களுக்கு ஒரு சுவர்: மோட்டார் பந்தய முன்னோடிகளுக்குப் புகழரங்கம் அமைக்கும் முறை

சேலத்தில் குகை என்னும் பகுதியில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றுதான் எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தது. சென்னையை அடுத்து, முன்பு பந்தயங்கள் நடந்த சோழவரம் ஓடுதளத்தில் எடுத்த படம் அது. நடுவில் பந்தய மோட்டார் சைக்கிள், அதன்மேல் கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஓட்டுநர், வலது ஓரத்தில் முழங்கைக்குக் கீழே மட்டும் தெரியும் ஒரு கை, அந்தக் கையில் ஒரு ஸ்பேனர். சட்டத்துக்கு அளவாகப் படத்தை வெட்டியபோது அந்தக் கைக்கு உரியவர் வெளியே போய்விட்டார். அந்த வண்டியின் சிலிண்டரைத் தம் லேத்தில் ஏற்றிக் கடைந்தவர் அவர். அந்த வீடும் அவருடையதே. யார் இப்படி வெட்டியது என்று கேட்டேன். “ஃப்ரேமுக்குள்ள அடங்கல தம்பி, நான்தான் வெட்டச் சொன்னேன். வண்டி தெரிஞ்சாப் போதாதா?” என்றார்.

இப்படித் தம்மையே வெட்டிக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் செய்த வேலையைச் சரிபார்த்து, ஊரறிய எழுதி வைப்பதற்கான வழிமுறையைத்தான் இங்கே சொல்கிறேன். புகழரங்கம், அதாவது ஹால் ஆஃப் ஃபேம் என்றதும் கோடிக்கணக்கில் செலவாகும் கட்டடம் நினைவுக்கு வர வேண்டியதில்லை. பதினைந்து அடிச் சுவர் ஒன்றும், பூட்டக்கூடிய அலமாரி ஒன்றும், பொறுமையுள்ள ஐந்து பேரும் இருந்தால் சேலத்திலேயே தொடங்கிவிடலாம்.

முதலில் யாரைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்தில் சில பெயர்களுக்கு நினைவுக் குறை கிடையாது. மாருதி 800 எஞ்சினை வைத்துக் கட்டுப்படியாகும் விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனை அறியாத இளைஞர் குறைவு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களுள் ஒருவரான இந்து சந்தோக்கின் பெயரையும், 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குச் சென்ற அவருடைய பேரன் கருண் சந்தோக்கின் பெயரையும் விளையாட்டுப் பக்கம் படிப்பவர்கள் அறிவார்கள். இவர்களை மதிப்பதற்கு நம் சுவர் தேவையில்லை. முடிவுப் பட்டியலில் பெயர் ஏறாத கடைசல்காரர், வெல்டர், கார்புரேட்டர் மெக்கானிக், ராலியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நேரக் கணக்கும் வழியும் சொன்ன நேவிகேட்டர், கொடி பிடித்து வெயிலில் நின்ற மார்ஷல், நிறுத்து கடிகாரத்துடன் உட்கார்ந்த நேரக் கணக்கர் ஆகியோரே நமக்கு உரியவர்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரியால் வாழும் வட்டாரத்தில், எஞ்சினைக் காதால் கேட்டே குறை சொல்லும் கைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவற்றில் சில கைகள் பந்தய வண்டியையும் தொட்டிருக்கின்றன.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். குறிப்பேடுகளில் அவர்களைத் “துணை நின்றவர்” என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. நேவிகேட்டராக இருந்தாரா, நேரம் குறித்தாரா, கணக்கு வழக்குப் பார்த்தாரா, கழுத்து நகையை அடகு வைத்து டயர் வாங்கித் தந்தாரா என்று கேட்டு, செய்ததைச் செய்ததாகவே எழுத வேண்டும்.

அடுத்தது தேர்வு விதி. பெயர்களைத் திரட்டுவதற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள். பெயர் வந்தபின் விதி எழுதினால் அது அந்தப் பெயருக்கேற்ப வளையும். பன்னாட்டு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ 2017இல் தன் புகழரங்கத்தைத் தொடங்கியபோது, ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்கள் 33 பேரை முதலில் சேர்த்தது. சாம்பியன் பட்டத்தை வாசற்படியாக வைத்தால் சாம்பியன்களில் யாரும் விடுபடமாட்டார்கள். ஆனால் பட்டத்துக்கே போட்டியிட முடியாதவர்களுக்கு அந்த வாசல் திறக்காது. அமெரிக்காவில் சார்லட் நகரில் 2010இல் திறந்த, அந்நாட்டுக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் புகழரங்கம் வேறொரு பாடத்தைத் தருகிறது. முதலில் ஆண்டுக்கு ஐவரைத் தேர்ந்தெடுத்துவந்த அவ்வரங்கம், 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மூவர் என்று குறைத்துக்கொண்டு, அந்த மூன்றில் ஓரிடத்தை முன்னோடிகளுக்கான தனி வாக்குச்சீட்டுக்கென்று ஒதுக்கியது. வாக்களிப்பவர்கள் தாம் கண்ணால் பார்த்தவர்களையே நினைவில் வைத்திருப்பார்கள் என்பதால், பழையவர்களைப் புதியவர்களோடு ஒரே சீட்டில் நிறுத்தினால் பழையவர்கள் ஆண்டுதோறும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆகவே நம் அரங்கத்திலும் முன்னோடிக்கென ஓரிடம் கட்டாயம் இருக்கட்டும். சோழவரம் காலம் முடிந்து, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்த 1990ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் வேலை தொடங்கியவர்களை முன்னோடிகள் என்று கொள்ளலாம். ஐவர் அடங்கிய தேர்வுக் குழுவில் பழைய ஓட்டுநர் ஒருவர், பட்டறைக்காரர் ஒருவர், வரலாறு படித்த ஆசிரியர் ஒருவர், இந்தத் துறையோடு தொடர்பில்லாத ஒருவர் என்று கலந்திருக்கட்டும். ஐவரில் இருவரேனும் பெண்களாக இருக்கட்டும். உறவினர் பெயர் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஆண்டுக்கு மூவருக்கு மேல் வேண்டாம்.

இனி, தகவல் திரட்டும் வேலை. உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது; மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

பெரியவர்களின் வீட்டுக்கு நாமே போக வேண்டும், அதுவும் காலையில். எஞ்சின் சத்தத்தோடு வாழ்ந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். எதிரே நெருங்கி உட்கார்ந்து, நிதானமாகப் பேச வேண்டும். “எத்தனை கோப்பை வாங்கினீர்கள், எந்த வருடம்?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “அந்த வண்டியின் கார்புரேட்டருக்கு எத்தனையாம் நம்பர் ஜெட் போட்டீர்கள்? சிலிண்டர் ஹெட்டை எவ்வளவு இழைத்தீர்கள்? வண்டியைச் சோழவரத்துக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு மறந்தாலும் கை செய்த வேலை மறப்பதில்லை. மேலே சொன்ன பெரியவர் வண்டி ஓடிய ஆண்டைச் சொல்லத் தடுமாறினார். ஆனால் சேலம் சந்திப்பில் வண்டியைப் பார்சலில் ஏற்றும்முன் டாங்கிலிருந்து பெட்ரோலை வடித்ததையும், அதை ஒரு மண்ணெண்ணெய் டின்னில் பிடித்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பியதையும் நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

ஆண்டைக் கண்டுபிடிக்க வேறு வழிகள் உண்டு. “எமர்ஜென்சிக்கு முந்தியா, பிந்தியா?”, “எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகிவிட்டாரா?” என்ற இரண்டு கேள்விகளிலேயே 1975, 1977 என்ற இரண்டு முளைகள் கிடைத்துவிடும். புகைப்படமும் பேசும். ராஜ்தூத் 350 என்னும் யமஹா வண்டி 1983இல்தான் இந்தியச் சந்தைக்கு வந்தது. அது படத்தில் நின்றால் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பந்தய வண்டிக்குப் பதிவெண் இல்லாவிட்டாலும் பின்னால் நிற்கும் ஜீப்புக்கு இருக்கும். டிஎன் 30, டிஎன் 54 என்று மாநில எழுத்தோடு இரண்டு இலக்க எண் வரும் பதிவு முறை 1989க்குப் பிறகானது.

படங்களை இரவல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டிலேயே ஸ்கேனரை வைத்து 600 டிபிஐ அளவில் எடுத்துவிட்டு, மூலப் படத்தை அவர் கண்முன்னே திருப்பிக் கொடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் மேலாகவே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கேமராவால் எடுத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். பின்புறத்தில் குறிக்க வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா வேண்டாம். இயன்றால் படம் எடுத்த ஸ்டுடியோவைத் தேடுங்கள். நான் தேடிப் போன ஸ்டுடியோவை இப்போது நடத்துபவர் நிறுவனரின் மகன். பரணிலிருந்த பிஸ்கட் டின் ஒன்றில் நெகட்டிவ்களைப் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் அந்தச் சோழவரம் நெகட்டிவ் கிடைத்தது. ஸ்பேனர் பிடித்த கைக்கு மேலே எண்ணெய்க் கறை படிந்த அரைக்கைச் சட்டையும், கேமராவைப் பார்க்காமல் எஞ்சினையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது வயது முகமும் இருந்தன.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் சுவரில் ஏற்றக் கூடாது. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும்: ஒருவரின் வாய்மொழி, கூடவே ஒரு படம் அல்லது ரசீது அல்லது நாளிதழ்த் துணுக்கு அல்லது நிகழ்ச்சி நிரல் புத்தகம். அன்புள்ளவர்கள் கூடச் சேர்த்துச் சொல்வார்கள். அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும். இதே கண்டிப்பு எதிர்ப்பக்கத்திலும் வேண்டும். பிரான்சின் பந்தய வீராங்கனை ஹெலே நீஸ், நாஜிக்களின் உளவாளி என்று 1949இல் சக ஓட்டுநர் ஒருவர் பலர் முன்னிலையில் குற்றம் சாட்டினார். அதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ஆனால் ஹெலே நீஸின் பந்தய வாழ்வு அத்தோடு முடிந்தது, 1984இல் வறுமையில் இறந்தார். எனவே “அவர் அன்றைக்கு ஏமாற்றிவிட்டார்”, “அந்த எஞ்சின் அவர் செய்ததே இல்லை” என்று யாரேனும் காதில் போட்டால், சான்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சைக் குழுவின் மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

பலகையில் எழுதும் வாசகத்துக்கு அறுபது எழுபது சொற்கள் போதும். “மோட்டார் பந்தய உலகின் முடிசூடா மன்னர்” என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவது இவருக்கு உரியதாகாது. “குகையிலுள்ள தம் லேத்தில் சோழவரத்துக்குச் சென்ற மூன்று வண்டிகளின் சிலிண்டர்களைக் கடைந்தவர், பிஸ்டன் வளையத்தின் இடைவெளியைத் தாமே அளந்து குறித்த நோட்டுப் புத்தகம் இங்கே உள்ளது” என்று எழுதினால் அந்த மனிதர் கண்முன் நிற்பார். தலைப்பெழுத்தையும் ஊர்ப் பெயரையும் வீட்டாரிடம் கேட்டு, எழுதிய தாளை அவர்களிடம் படித்துக் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, மூலப் பொருள்களைச் சேலத்திலேயே வைத்திருப்பது நல்லது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்து மூடுபனி அறைக்குள் வந்தால் படத்தில் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பில் துரு ஏறும். மே மாதக் கோடை விழாவுக்கு மக்கள் திரண்டு வரும்போது நகல்களை மட்டும் மேலே கொண்டுபோய்க் காட்டலாம். கருவிகளைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், கைப்பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கட்டும்.

திறப்பு விழாவுக்கு ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வேகப் போட்டி வைக்கலாம் என்று ஆர்வமுள்ள இளைஞர்கள் கேட்பார்கள். கூடவே கூடாது. பேருந்தும் காய்கறி வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் சாலை அது. மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். பழைய வண்டிகளை உழவர் சந்தைக் கூட்டம் போல் வரிசையாக ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, எஞ்சினைக் கிளப்பிக் காட்டினாலே முதியவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

விழாவில் உயிரோடு இருப்பவர்களுக்கே முதலிடம். படியேற முடியாதவரின் வீட்டுக்குப் பலகையை எடுத்துப் போங்கள். நான் கலந்துகொண்ட ஒரு பாராட்டு விழாவில் விருந்தினர் பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. எண்பது வயது மெக்கானிக் பொன்னாடையோடு கீழே இறங்கியபோது அவர் பெயரைத் தவறாக வாசித்திருந்தார்கள், அவர் ஒரு வார்த்தைகூடப் பேச அழைக்கப்படவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. வாழ்த்துரைக்குப் பத்து நிமிடம், மதிக்கப்படுபவருக்கு அவர் விரும்பும் அளவு நேரம் என்று நிரலை அச்சிட்டுவிடுங்கள்.

கடைசியாக, திருத்தப் பதிவேடு. 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் பந்தயத்தில், தம் காரைத் தாமே பழுதுபார்த்து ஓட்டிய கறுப்பினத்தவரான வெண்டல் ஸ்காட் இரண்டு சுற்று முன்னிலையில் வென்றார். ஆனால் வெற்றியாளர் என்று பக் பேக்கரின் பெயரை அறிவித்துக் கோப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகே கணக்கு திருத்தப்பட்டது. ஸ்காட் 1990இல் இறந்தார். நாஸ்கார் புகழரங்கத்தில் 2015இல் இடம்பெற்றார். அந்த வெற்றிக்கான கோப்பை அவர் குடும்பத்தாரின் கைக்கு வந்தது 2021இல். ஆகவே சுவரில் பலகைகளைச் சிமெண்டால் பதிக்காமல் திருகாணியால் பொருத்துங்கள். வாசலருகே கட்டு போட்ட நோட்டு ஒன்றை வைத்து, தவறு சுட்டிக்காட்டுபவர் தம் பெயரையும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடி ஒவ்வொன்றுக்கும் அதே பக்கத்தில் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திருத்தியபின் பழைய பலகையைக் குப்பையில் போடாமல், திருத்திய நாளையும் காரணத்தையும் பின்புறத்தில் எழுதி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுங்கள்.