௲௬௰௭ன்னா எத்தனை? தமிழ் எண்ணுல எழுதவும் படிக்கவும் பழகுவோம் வாங்க

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஆச்சி வீட்டு ட்ரங்குப் பெட்டியில ஒரு சாதக ஓலை கெடந்துச்சு, ஆச்சியோட அப்பாவுக்கு எழுதினது. அதுல "கொல்லம் ௲௬௰௭ ௵ ஆவணி ௴ ௰௨ ௳"ன்னு இருந்ததைப் பாத்து நான் 167ன்னு படிச்சுட்டேன். அது தப்பு, 1067. கொல்லம்னா நம்ம பக்கமும் கேரளாவுலயும் பொழங்குன பழைய ஆண்டுக் கணக்கு. நம்ம ஊர்ல நெறைய வீட்டுப் பரண்ல இந்த மாதிரி ஓலையும் பழைய பத்திரமும் இருக்கு, படிக்கத்தான் ஆளில்ல, அதனால அடியில இருந்தே சொல்லுதேன், பொறுமையா பாத்துக்கிடுங்க.

மொதல்ல அடையாளம் தெரியணும். ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பாதிக்கு மேல ஏற்கெனவே தெரிஞ்ச எழுத்துதான்: ௧ பாக்க க, ௨ பாக்க உ, ௪ பாக்க ச, ௫ ரு மாதிரி, ௬ சு மாதிரி, ௭ எ, ௮ அ, ௯ கூ மாதிரி. ௩ மட்டும் ங சாயல்ல இருக்கும், அதை நாலஞ்சு தடவ எழுதிப் பாத்தா கைக்கு வந்துரும். இதுக்கு மேல மூணு குறி: பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பழைய முறையில சைபரே கிடையாது. ரோமன் எண் மாதிரிதான்னு சில பேர் சொல்லுதாங்க, ஆனா ரோமன்ல சின்ன எண் இடது பக்கம் வந்தா கழிக்கணும், பத்துக்கு முன்னால ஒண்ணு போட்டா ஒம்பது. நம்மதுல கழித்தலே இல்ல. குறிக்கு இடது பக்கம் இருந்தா பெருக்கணும், வலது பக்கம் இருந்தா கூட்டணும், அவ்வளவுதான். ௨௰ன்னா ரெண்டு பத்து, இருபது. ௰௨ன்னா பத்தும் ரெண்டும், பன்னெண்டு. இடம் மாறுனா கணக்கே மாறிரும், இதுல கவனமா இருங்க.

எழுதுறதுக்கு நான் கண்ட சுலபமான வழி, எண்ணை வாய்விட்டுச் சொல்லி சொன்ன வரிசையிலேயே எழுதுறது. 365ன்னா முந்நூத்து அறுபத்தஞ்சு, அதாவது மூணு நூறு, ஆறு பத்து, அஞ்சு: ௩௱௬௰௫. வெறும் பத்து, நூறு, ஆயிரத்துக்கு முன்னால ௧ போட வேண்டாம். 10,000ன்னா பத்து ஆயிரம், ௰௲. லட்சம்னா நூறு ஆயிரம், ௱௲.

ஒரே ஒரு எடத்துல வாய் நம்மள ஏமாத்தும். தொண்ணூறுங்கிறதுல நூறு கேக்குது, தொள்ளாயிரத்துல ஆயிரம் கேக்குது, அதை நம்பி எழுதிரக் கூடாது. தொண்ணூறு ௯௰, தொள்ளாயிரம் ௯௱. கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட 1799ஐ எழுதிப் பாருங்க: ௲௭௱௯௰௯. தூத்துக்குடியில வ.உ.சி. கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச 1906ன்னா ௲௯௱௬. இதுல பத்து இல்ல, அதனால ௰ வரவே வராது, சைபருக்குன்னு எதுவும் எழுதாம, எடமும் விடாம அடுத்ததுக்குப் போயிரணும். நான் ஓலையில கோட்டை விட்டதும் இங்கதான், ௲க்கு அடுத்து ௱ இல்லாம நேரா ௬௰ வந்ததைக் கவனிக்கல. 167ஆ இருந்தா ௱௬௰௭ன்னு இருந்திருக்கும்.

படிக்கும்போது இன்னொண்ணு. பத்திரத்து உச்சியில தனியா உ இருந்தா அது ரெண்டு இல்ல, பிள்ளையார் சுழி. ஓலையில வார்த்தைக்கு வார்த்தை எடம் விட மாட்டாங்க, அதனால எது எழுத்து எது எண்ணுன்னு கொழம்பும், அப்ப மொதல்ல ௰ ௱ ௲ எங்க இருக்குன்னு தேடுங்க, அதைச் சுத்தி இருக்கிறதுதான் எண். ௵ வருஷம், ௴ மாசம், ௳ நாள், கணக்குன்னா ௹ ரூபாய். ௸ன்னு இருந்தா மேற்படின்னு அர்த்தம்.

கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் வருஷமா மாத்த 825 கூட்டணும், ஆனா நம்ம பக்கம் கொல்லம் ஆவணியில பொறக்குறதால ஆவணியில இருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824தான். ஓலையில ஆவணி 12, அதனால 1067ஓட 824, ஆக 1891. ஆகஸ்ட் மாசக் கடைசி. ஆச்சிகிட்ட சொன்னதும் "அப்பா பொறந்தது ஆவணின்னு மட்டும் தெரியும்லே, வருசம் யாருக்கும் தெரியாது"ன்னு ஓலையை வாங்கி மடியில வச்சுக்கிட்டா.

இப்பல்லாம் சைபர் சேத்து 2025ஐ ௨௦௨௫ன்னும் எழுதுதாங்க, கம்ப்யூட்டர் எழுத்துக்கான யூனிகோடு பட்டியல்ல இந்த ௦ 2005லதான் வந்துச்சு. பழைய முறையில அதே வருஷம் ௨௲௨௰௫. கல்யாணப் பத்திரிகைக்கு ரெண்டுல எது வேணாலும் போடுங்க, ஆனா ஒரே தேதியில ரெண்டையும் கலக்காதீங்க.

கடைசியா நீங்களே செய்ய ரெண்டு. நம்ம திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம் கட்டின 1843, எட்டயபுரத்துல பாரதி பொறந்த 1882. எழுதிட்டு அப்புறம் சரிபாருங்க: ௲௮௱௪௰௩, ௲௮௱௮௰௨.