பழைய ஃபோர்டு 8என் டிராக்டர்: ஸ்பார்க் பிளக்கில் செய்யக்கூடாத தவறுகள்

நம்மூர் டிராக்டர்கள் டீசலில் ஓடுபவை, அவற்றில் எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை ஃபோர்டு தயாரித்த 8என் அப்படியில்லை, அது பெட்ரோல் வண்டி: நான்கு சிலிண்டர், நான்கு பிளக், ஆறு வோல்ட் பேட்டரி. இன்றும் அங்கே பல பண்ணைகளில் புல் வெட்ட அதைத்தான் ஓட்டுகிறார்கள். வண்டி மக்கர் செய்தால் முதலில் கை போவது பிளக்குக்குத்தான், சரி, அதில் தப்பில்லை. ஆனால் கழற்றிய கையோடு முனையில் படிந்த கரியைத் துடைத்துவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தவறு.

அந்தக் கரியைப் படித்துவிட்டுத் துடையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். மெத்தென்று காய்ந்த கரி நான்கிலும் ஒரே மாதிரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கிறதா, ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் ஈரமாகக் கறுத்திருந்தால் பிரச்சினை அந்தச் சிலிண்டரில்தான், பிஸ்டன் ரிங்கோ, வால்வின் தண்டு நகரும் குழலான வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். அங்கே எத்தனை புது பிளக் போட்டாலும் மறுபடி கறுக்கும். வெளுத்துப் போயிருந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, இல்லையென்றால் பிளக்கே அந்த வேலைக்குச் சூடு அதிகமானது, அதாவது முனையின் வெப்பத்தை மெதுவாக வெளியேற்றும் வகை. இன்னொன்று, சும்மா நிறுத்தி ஐடிலில் ஓடவிட்ட வண்டியின் பிளக்கைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்ச நேரம் பாரத்தோடு வேலை வாங்கி, அங்கேயே அணைத்து, ஆறவிட்டுக் கழற்றினால்தான் அது உண்மை சொல்லும்.

கழற்றுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. இந்த எஞ்சினில் பிளக்குகள் சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் மேலேயே இருப்பதால் அதைச் சுற்றி மண்ணும் தவிடுபோல் புல்தூசியும் சேர்ந்திருக்கும், அப்படியே திருகி எடுத்தால் எல்லாம் சிலிண்டருக்குள்தான் விழும். கால் சுற்று தளர்த்தி, காற்றடித்து ஊதி, அப்புறம் எடுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் வேண்டாம், பீங்கானின் இடுக்கில் நிற்கும் ஒரு துகள் போதும் சிலிண்டர் சுவரைக் கீறிவிட.

புது பிளக் என்றால் பொறி தாண்டும் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போடுபவர்கள் நிறைய. 8என்னுக்கு வேண்டியது 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. பொறிக்கு மின்சாரம் தரும் ஆறு வோல்ட் காயிலின் பலம் அவ்வளவுதான், அதுவும் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி இன்னும் இறங்கிவிடும், இடைவெளி கூடினால் பொறி தாண்டாது. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து வெளி முனையை மட்டும் வளையுங்கள். நடு முனையில் நெம்பினால் பீங்கான் விரியும்.

எண்ணைப் பார்த்து மாற்று பிளக் வாங்கும்போதும் கவனம் வேண்டும்: சாம்பியன் கம்பெனி பிளக்கில் எண் ஏற ஏறச் சூடான பிளக், என்ஜிகே கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ந்தது.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். முதலில் கையால் திருகுங்கள், மரை பிடிக்காமல் முரண்டினால் ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள். கை இறுகியபின், புது வாஷராக இருந்தால் சுமார் அரைச் சுற்று போதும். வயரைக் கழற்றும்போதே எண் எழுதி வைத்துவிடுங்கள், சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-2-4-3, ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர்.