இரண்டாண்டு நர்சிங் பட்டம்: சேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமில்லை. கம்யூனிட்டி கல்லூரி எனப்படும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி வழங்கும் ஏ.டி.என். என்னும் நர்சிங் பட்டம் பெற்றவரும் பி.எஸ்.என். என்னும் நான்காண்டு நர்சிங் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்.என். என்னும் ஒரே உரிமத் தேர்வைத்தான். பெறுவதும் ஒரே உரிமத்தைத்தான். மில்ட்ரெட் மான்டாக் என்னும் செவிலியக் கல்வியாளர் வகுத்த திட்டத்தின்படி 1952-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்த ஏ.டி.என். படிப்பு, பெரும் கடன் இல்லாமல் நல்ல வேலைக்குச் செல்ல இன்றும் உள்ள மிகச் சிறந்த வழிகளில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் இதன் உண்மையான விலை கல்விக் கட்டணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கட்டணத்தைப் பார்ப்பதற்கும் முன்னால் உங்கள் விசா நிலையைப் பாருங்கள். நம் குடும்பங்களில் பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எச்-1பி என்னும் பணி விசாவில் உள்ளவரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம்; ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஊதியத்திற்குப் பணிபுரிய முடியாது. படித்து முடித்தால் மருத்துவமனையே எச்-1பி எடுத்துத் தரும் என்று நம்பவும் வேண்டாம். அந்த விசாவுக்கு, குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவைப்படும் பணியாக இருக்க வேண்டும் என்பது விதி, பொதுவான செவிலியர் பணி அந்த வரையறைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. இ.பி.-3 என்னும் வேலைவாய்ப்பு அடிப்படையிலான பிரிவில், நிரந்தரக் குடியுரிமை தரும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. குறைந்த வருமானமுள்ள மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகையும் (2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர்) குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்போர் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே உரியது. இந்தியாவிலேயே பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கு ஒரு சொல்: முதலில் உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

கட்டணக் கணக்கு எளிதானது. 2024-25-இல் பொதுத்துறை இரண்டாண்டுக் கல்லூரிகள் உள்ளூர் மாணவர்களுக்கு அறிவித்த கட்டணத்தின் சராசரி ஆண்டுக்கு 4,050 டாலர். நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அதே மாநிலத்தவருக்கு 11,610 டாலர். கலிஃபோர்னியாவில் அம்மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவின் அலகு) 46 டாலர் என்பதால், 70 யூனிட் படித்தாலும் 3,220 டாலர்தான் ஆகும். இதனுடன் புத்தகங்கள், சீருடை, தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, 200 டாலர் என்கிளெக்ஸ் தேர்வுக் கட்டணம், மாநில உரிமக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்ல வாகனமும், அந்நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேவைப்படும். பல வீடுகளில் கல்விக் கட்டணத்தைவிட இந்தச் செலவே அதிகமாகிறது.

இனி காலம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலம் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்த பிறகே நர்சிங் வகுப்பில் இடம் கேட்க முடியும். அவற்றுக்கு ஓராண்டு ஆகலாம், பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு ஆகலாம். அதன்பின் டீஸ் (TEAS) போன்ற நுழைவுத் தேர்வு. அதற்கும் பின், சில கல்லூரிகளில் குலுக்கல், சிலவற்றில் காத்திருப்புப் பட்டியல். ஆக, இரண்டாண்டுப் பட்டம் என்பது நடைமுறையில் மூன்று, நான்கு ஆண்டுகளாக நீளக்கூடும். காத்திருக்கும் காலத்தில் அறிவியல் பாட மதிப்பெண்கள் காலாவதியாகிவிடும் கல்லூரிகளும் உண்டு. வேலைக்குச் சேர்ந்தால் முதலாண்டில் 70,000 டாலர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுத் தாமதம் என்பது அந்த 70,000 டாலரின் இழப்பே. தனியார் கல்லூரி ஒன்று அதிகக் கட்டணத்தில் உடனே இடம் தந்தால், இரண்டையும் இந்த அளவுகோலால் ஒப்பிடுங்கள். காத்திருப்பதாக முடிவு செய்தால், அக்காலத்தில் சி.என்.ஏ. என்னும் செவிலிய உதவியாளர் சான்றிதழ் பெற்றுப் பணிபுரிவதும், பி.எஸ்.என்.-க்குத் தேவையான பொதுப்பாடங்களை முடித்து வைப்பதும் வீணாகாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் பெற்றதா, நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் ஏ.சி.இ.என். போன்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என இரண்டையும் சரிபாருங்கள். 2023 ஜனவரியில், ஃபுளோரிடாவின் மூன்று பள்ளிகள் வழியாக 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்ததை நினைவில் கொள்க. என்கிளெக்ஸ் முதல் முயற்சித் தேர்ச்சி விகிதத்தை மாநில வாரியத்தின் இணையதளத்தில் காணலாம். அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்று துறை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். நூறு பேர் சேர்ந்து ஐம்பது பேரே தேர்வு வரை சென்றிருந்தால், அவர்களின் 95 விழுக்காட்டுத் தேர்ச்சி உங்களுக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2024 மே மாதக் கணக்கின்படி 93,600 டாலர். இது பட்டங்களைப் பிரித்துக் காட்டாத, அனுபவமுள்ளவர்களையும் உள்ளடக்கிய நாடு தழுவிய எண். ஆகவே உங்கள் தொடக்க ஊதியமாக எண்ணிவிட வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவமனைகள் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு வெளியிடும் விளம்பரங்களில் இருபதையாவது படித்து, எத்தனை பி.எஸ்.என். கேட்கின்றன, எத்தனை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அதை முடித்தால் போதும் என்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேக்னெட் (செவிலியப் பணியின் தரத்திற்கான அங்கீகாரம்) தகுதி பெற்ற பெரிய மருத்துவமனைகளில் ஏ.டி.என். மட்டும் உள்ளவருக்கு நுழைவு கடினமாக இருக்கலாம். முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் டயாலிசிஸ் மையங்களிலும் எளிதாக இருக்கும். நியூயார்க்கில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் புதிய செவிலியர்கள் உரிமம் பெற்ற பத்தாண்டுகளுக்குள் இளங்கலைப் பட்டம் பெற்றாக வேண்டும்.

ஆதலால் பி.எஸ்.என். செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பணியில் இருந்தபடியே இணையவழியில் அதை ஓரிரு ஆண்டுகளில் முடிக்கலாம். நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை. நேர்காணலில் ஊதியத்தைக் கேட்கும்போதே இந்த உதவி உண்டா, பெற்றால் எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணிபுரிய ஒப்பந்தம் கேட்பார்கள் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.