பச்சை வக்கீலம்மாவைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022-இல் டிஸ்னி பிளஸ்ஸில் 'ஷீ-ஹல்க்' தொடர் வந்ததிலிருந்து, காமிக்ஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட "அந்த வக்கீலம்மா கதை புத்தகமாகக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நானும் என் வயதுக்காரர்களும் விழுந்து எழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாகப் போய் விழுகிறார்கள். ஜெனிபர் வால்டர்ஸ் யார், மாமன் மகன் புரூஸ் பானரின் ரத்தம் ஏறி எப்படிப் பச்சையானாள் என்பதெல்லாம் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, காசும் நேரமும் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1980-லிருந்துதான் தொடங்குவேன் என்று அடம்பிடிப்பது

முதல் இதழை ஸ்டான் லீ எழுத, ஜான் புஸ்ஸெமா வரைந்தார். அப்போது ஹல்க் டிவி தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. டிவிக்காரர்களே ஒரு பெண் ஹல்க்கை உருவாக்கி உரிமையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் மார்வெல் முந்திக்கொண்டது. 25 இதழ்கள் வந்தன. கோபமும் அடிதடியும் நிறைய, சிரிப்பு குறைவு. கோர்ட் காமெடியை எதிர்பார்த்து இங்கே நுழைகிறவர் மூன்றாம் இதழிலேயே மூடி வைத்துவிடுகிறார். பிறகு வந்து பாருங்கள், ஓடிப்போகாது.

"டெட்பூலைப் பார்த்து அடித்த காப்பி" என்பது

வாசகரோடு இவள் பேச ஆரம்பித்தது 1989. அதேபோல் வாசகரைப் பார்த்துப் பேசும் இன்னொரு மார்வெல் பாத்திரமான டெட்பூல் அறிமுகமானதே 1991.

எண்ணைப் பார்த்து வாங்குவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். 'ஷீ-ஹல்க் 1' என்று கேட்டால் எதைத் தருவார்கள்? 2004-இல் ஓர் ஒன்று, 2005-இல் ஓர் ஒன்று, 2014-இல் ஓர் ஒன்று, 2022-இல் இன்னும் ஓர் ஒன்று. நான்குக்கும் அதே பெயர்தான். 'சென்சேஷனல்' என்ற அடைமொழி இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அதிலும் 1989-இல் ஒன்று, 2023-இல் ஒன்று உண்டு.

இதில் விஷமமான ஜோடி 2004-உம் 2014-உம். இரண்டுமே சரியாக 12 இதழ்களில் முடிந்தவை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், வெளிநாட்டுப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் '1 முதல் 12 வரை, முழு செட்' என்று பார்த்துப் பணம் கட்டினார். புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகம், அதற்கு மேல் சுங்கவரி வேறு. வந்து சேர்ந்ததில் 1 முதல் 6 வரை 2004, 7 முதல் 12 வரை 2014. ஆறாம் இதழ் வரை பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவள், ஏழில் புரூக்ளினில் சொந்த ஆபீஸ் வைத்திருக்கிறாள். பழைய முதலாளியைக் காணோம், சக வக்கீல்களைக் காணோம். புதிதாக ஓர் உதவியாளர், கூடவே ஒரு குரங்கு. எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு. "அண்ணா, இப்படித் திடீர் திடீரென்று தாவுவதுதான் இந்தத் தொடரின் காமெடியா?" என்று கேட்டார், பாவம். வியாபாரியிடம் முறையிட்டால், "பன்னிரண்டு எண்ணும் இருக்கிறதே" என்று பதில் வந்தது. பணம் வரவில்லை.

மார்வெலே இந்தக் கணக்கை வைத்து விளையாடியிருக்கிறது. 2005 தொடரின் 3-ஆம் இதழை நூறாவது இதழ் என்று கொண்டாடினார்கள். 1980 தொடரில் 25, 1989 தொடரில் 60, 2004 தொடரில் 12, அப்புறம் இந்த 3. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 2016-இல் ஜெனிபரின் கதை 'ஹல்க்' என்ற பெயரில் 11 இதழ்கள் வந்தது. அடுத்த இதழுக்கு 12 என்று போட்டார்களா என்றால் இல்லை. 'ஷீ-ஹல்க் 159'! முந்தைய தொடர்கள் எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட எண் அது. "முதல் 158-ஐ எங்கே சார் வாங்குவது?" என்று ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார்.

ஆகவே எண்ணை மறந்துவிடுங்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள்: ஜான் பைர்ன் 1989, டான் ஸ்லாட் 2004-உம் 2005-உம், சார்ல்ஸ் சூல் 2014, ரெயின்போ ரோவல் 2022. இதழின் உள்ளே பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். விற்பவரிடம் ஒவ்வோர் இதழுக்கும் அந்தப் பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். தொகுப்பு நூல் வாங்கினாலும் பொருளடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்லாட்டின் முழுத் தொகுப்பு முதல் பாகத்தில், 2004-இன் 12 இதழ்களோடு 2005-இன் முதல் 5 இதழ்களும் உண்டு. அது கையில் இருக்கும்போது அந்த ஐந்து இதழ்களின் சிறு தொகுப்பையும் வாங்கினால், ஒரே கதைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தாயிற்று.

பைர்னிடம் கோர்ட்டைத் தேடுவது

டிவி தொடர் இரண்டு ஊற்றுகளிலிருந்து எடுத்தது. நம்மைப் பார்த்துப் பேசுவது பைர்னுடையது. சூப்பர்ஹீரோ வழக்குகளை நடத்தும் அந்த நிறுவனம் ஸ்லாட்டுடையது. பைர்னின் ஜெனிபர் அரசு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வேடிக்கை எல்லாம் காமிக்ஸ் என்ற பொருளை வைத்துத்தான். முதல் அட்டையிலேயே, வாங்காவிட்டால் உங்கள் எக்ஸ்-மென் புத்தகங்களைக் கிழித்துவிடுவேன் என்று வாசகரை மிரட்டுகிறாள். 1940-களின் நாயகி ஒருத்தி, காமிக்ஸில் வந்துகொண்டே இருந்தால் வயதாகாது என்று கண்டுபிடித்து இவளோடு ஒட்டிக்கொள்கிறாள். பிரமாதமான பக்கங்கள்.

மொத்தம் 60 இதழ்கள் இருந்தாலும் பைர்ன் எழுதியது 1 முதல் 8 வரையும், 31 முதல் 46 வரையும், 48 முதல் 50 வரையும்தான். நடுவில் வேறு கைகள்.

வழக்குப் பக்கங்களைத் தாண்டிப் படிப்பது

சண்டை எப்போது வரும் என்று புரட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஸ்லாட்டின் கதையில் அந்த நிறுவனம் வேலைக்கு எடுப்பது பச்சைப் பெண்ணை அல்ல, சாதாரண ஜெனிபரை. அவர்களுடைய சட்ட நூலகத்தில் மார்வெல் காமிக்ஸ் அடுக்கியிருக்கும். தணிக்கை முத்திரை குத்திய இதழ்கள் கோர்ட்டில் செல்லுபடியாகும் சாட்சியாம்! 2004-இன் நான்காம் இதழை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். அவதூறு பரப்பியதாகப் பத்திரிகைக்காரர் ஜேமிசன் மேல் ஸ்பைடர்மேன் வழக்குப் போடுகிறான். வக்கீலம்மா கெட்டிக்காரத்தனமாக, அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்த பீட்டர் பார்க்கரையும் பிரதிவாதியாகச் சேர்க்கிறாள். தன் மேலேயே தான் தொடுத்த வழக்கில் ஸ்பைடர்மேன் என்ன செய்வான்?

சூல் நிஜ வாழ்க்கையிலும் வக்கீல். அவர் எழுதிய கதையில் கேப்டன் அமெரிக்காமேல் வழக்கு வருகிறது. எதிர்த் தரப்பில் நிற்பது, டேர்டெவில் என்ற சூப்பர்ஹீரோவாகவும் திரியும் வக்கீல் மேட் மர்டாக். வாதங்களைத் தாண்டிவிட்டால் அந்த மூன்று இதழ்களில் மிச்சம் என்ன இருக்கிறது?

அட்டையில் சிவப்பாக ஒரு பெண்

அது பெட்டி ராஸ் என்ற வேறொரு ஷீ-ஹல்க், ஜெனிபர் அல்ல. கீழே வைத்துவிடுங்கள்.

முதலீடு என்று வாங்குவது

பழைய இதழைப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்து, அது எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று மதிப்பெண் ஒட்டி விற்பார்கள். திறக்காமல் எப்படிப் படிப்பீர்கள்?

22-ஆம் இதழிலும் வழக்கை எதிர்பார்ப்பது

2005 தொடரில் 21 வரைதான் ஸ்லாட். 22-லிருந்து பீட்டர் டேவிட். அங்கே அவள் கறுப்புக் கோட்டை இழந்து, ஜாமீனில் போய்த் தலைமறைவானவர்களைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறாள். மோசமான கதை என்று சொல்ல மாட்டேன். கோர்ட்தான் வேண்டுமென்றால் 21-இல் இறங்கி, நேராக 2014-க்குப் போய்விடுங்கள்.